தொண்டின் கூலியும் தொண்டின் அளவும்

ராஜபாளையத்திற்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம் முதலிய ஊர்களில் ஓடும் விசைத்தறிகளிலிருந்து, நாட்டின் பற்பல மருத்துவமனைகளுக்குப் புண் கட்டும் பேண்டேஜ் துணி போய்க்கொண்டிருக்கிறது. அத்தறிகளில் நிற்போருக்கு என்ன கூலி என்பது அங்கு ரகசியமன்று. உரிமையாளரும் தொழிற்சங்கத்தாரும் அதிகாரிகள் முன்னிலையில் அமர்ந்து பேசி, இத்தனை ஆண்டுக்கு இன்ன உயர்வு என்று கையெழுத்திடுவதும், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் மீண்டும் பேச்சுத் தொடங்குவதும், பேச்சு முறிந்தால் தறிகள் நின்றுபோவதும், அச்செய்தி பத்திரிகையில் வருவதும் அவ்வட்டாரத்தார் பலகாலமாகப் பார்த்துவரும் நிகழ்ச்சிகளே. அதே வட்டாரத்தில், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் தேடிச் செல்பவரும், மகளிர் குழுக்களின் கணக்கை எழுதிக்கொடுப்பவரும், முதியோர் இல்லத்தில் இரவு விழித்திருப்பவரும் தொண்டு நிறுவனங்களின் ஊழியராக நாள்தோறும் உழைக்கிறார்கள். அவர்களுடைய மாத வருமானம் என்ன, அது எந்தப் பிரமாணத்தைக் கொண்டு நிர்ணயமாயிற்று, புராஜெக்ட் முடிந்த மறுநாள் அவர்கள் கதி என்ன என்று கேட்பார் இல்லை. அவர்களே வாய்திறந்து கேட்டுவிட்டாலோ, சேவைக்கென்று வந்தவர் சம்பளம் பேசலாமா என்ற விசனமே மறுமொழியாகக் கிடைக்கிறது.

லாபநோக்கமற்ற ஸ்தாபனங்களைப் பற்றி அறிஞர் எழுப்பும் வினாக்களுள் இரண்டு பிரதானமானவை. ஊழியர்க்கு நியாயமான ஊதியம் எது என்பது ஒன்று. அந்த ஸ்தாபனத்தால் உலகத்துக்கு விளைந்த நன்மையை எவ்வாறு அளப்பது என்பது மற்றொன்று. முதலாவதைத் தொழிற்சட்டம் அறிந்தோரும், இரண்டாவதைப் பொருளாதாரம் அறிந்தோரும் பங்கிட்டுக்கொண்டு தனித்தனியே விவாதித்து வருகிறார்கள். இவ்வாறு பிரித்ததே பெரும் பிழையென்பது என் அபிப்பிராயம். ஒரு ஸ்தாபனம் செய்த நன்மையைக் கணக்கிடும்போது அதன் ஊழியர் பெற்ற ஊதியத்தைச் செலவுப் பக்கத்தில் மட்டுமே எழுதுகிற வழக்கம் எப்போது வேரூன்றியதோ, அப்போதே அவ்வூதியம் குறையக் குறையச் சேவை சிறந்தது என்ற விபரீதமான முடிவும் உடன் வந்து சேர்ந்தது. நம் நாட்டுச் சரித்திரத்தில் இதற்கு நேர்மாறாக எண்ணியவர்களும் இருந்தார்கள்; அவர்களை முதலில் பார்ப்போம்.

பாலாற்றங்கரையில் திருமுக்கூடல் கோயிற் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட சாசனம் ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனம், கோயிலைச் சார்ந்து நடந்த கல்விச்சாலையையும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்னும் மருத்துவமனையையும் பற்றிக் கூறுகிறது. மருத்துவருக்கு ஆண்டுக்குத் தொண்ணூறு கலம் நெல்லும் எட்டுக் காசும் என்று தொடங்கி, சல்லியக் கிரியை செய்வோன், மூலிகை கொணர்வோர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்டிர் என ஒவ்வொருவருக்கும் உரிய நெல் அங்கே வகுக்கப்பட்டிருக்கிறது. எத்தனை நோயாளிகள் குணமடைந்தனர் என்ற கணக்கு அக்கல்லில் இல்லை. அறம் நடக்கவேண்டுமானால் அதை நடத்துவோர் உண்ணவேண்டும் என்ற நிச்சயம் மட்டும் இருக்கிறது. அக்காலத்துக் கோயிற்பணியில் குலமும் கட்டுப்பாடும் கலந்திருந்தன என்பதை மறந்து அதனை மெச்சிவிடக் கூடாது. ஆயினும், தர்மம் ஏற்படுத்தியவனின் புகழும் தர்மத்தில் உழைப்பவனின் நெல்லும் ஒரே கல்லில் ஏறிய அந்த முறை, பிற்காலத்தில் நாம் இழந்துவிட்ட ஒன்று. இன்றைய அறக்கட்டளைகளின் சலவைக்கற்களில் கொடையாளர் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினா புதிய வடிவம் கொண்டது. 1905-இல் கோபாலகிருஷ்ண கோகலே புனாவில் நிறுவியதும், பின்னர் நம் வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் தலைமை வகித்ததுமான இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தோர், தமக்கென்று பொருள் தேடுவதில்லை என்று பிரதிக்ஞை செய்தார்கள். ஆனால் அவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் வேண்டிய ஜீவனத்தைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. தியாகம் ஒரு பக்கத்தில், பொறுப்பு மறுபக்கத்தில், இரண்டும் எழுத்தில். பிற்காலத்து ஸ்தாபனங்கள் பலவும் இந்த உடன்படிக்கையின் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மறந்துவிட்டன.

இனி, இக்கட்டுரைக்கு உயிர்நிலையான கதர் இயக்கத்தின் கதைக்கு வருவோம். 1927-இல் கதருக்கு நிதி திரட்டத் தமிழ்நாடெங்கும் சுற்றிய காந்தியடிகள், அவ்வாண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் ராஜபாளையத்திற்கும் வந்தார். நூற்பும் நெசவும் நன்கறிந்த ஊர் அது, 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அங்கு ராஜபாளையம் மில்லை நிறுவிப் பெருந்தொழிலுக்கு வித்திட்டதற்கு முன்பே, வீடுகளில் ராட்டை சுழன்ற இடம். கதர் இயக்கத்தை நடத்திய அகில பாரத சர்க்கா சங்கம் 1925-இல் தோன்றியது. அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. பஞ்சைக் கொடுத்து நூலை வாங்கி, நூலைக் கொடுத்துத் துணியை வாங்கி, துணியை நகரத்துத் தேசபக்தருக்கு விற்பது அதன் வேலை. லாபம் யாருக்கும் இல்லை. எனவே அது இன்றைய பாஷையில் லாபநோக்கமற்ற ஸ்தாபனமே.

அந்தச் சங்கத்தின் வெற்றியை அளக்க எளிய அளவுகோல்கள் கையிலேயே இருந்தன. இத்தனை கிராமங்கள், இத்தனை ராட்டைகள், இத்தனை கஜம் துணி, இத்தனை ரூபாய் விற்பனை. பத்தாண்டுக் காலம் இக்கணக்குகள் ஏறியும் இறங்கியும் வந்தன. ஊழியர்கள் அவற்றைப் பார்த்து மகிழ்ந்தும் கவலையுற்றும் வந்தார்கள். 1935-இல் காந்தியடிகள் இக்கணக்கின் அடிப்படையையே அசைத்துவிட்டார். நாள் முழுதும் நூற்கும் பெண்ணுக்கு ஓரணாவைச் சுற்றியே கிடைக்கும்போது, அவளுடைய பசியின் மேல்தான் கதரின் மலிவு நிற்கிறது என்பது அவருடைய வாதம். ஒரு மணி நேர உழைப்புக்கு ஓரணா, எட்டு மணி நேரத்துக்கு எட்டணா என்பதை அவர் லட்சியமாக வைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் சர்க்கா சங்கத்தின் நிர்வாகசபை நிறைவேற்றிய தீர்மானம், எட்டு மணி நேரத் திறமையான நூற்புக்குக் கிடைக்கும் கூலி, ஆண்டுக்கு இருபது கஜம் துணிக்கும், விஞ்ஞான முறையில் வகுத்த குறைந்தபட்ச உணவுக்கும் போதுமானதாக இருக்கவேண்டும் என்று வரையறுத்தது. எட்டணாவை உடனே எட்ட முடியவில்லை. மூன்றணா அளவிலேயே தொடங்கவேண்டியிருந்தது. ஆனால் சந்தை விலையைப் பார்த்துக் கூலி நிர்ணயிப்பதை விட்டு, வயிற்றைப் பார்த்துக் கூலி நிர்ணயித்துப் பின்பு விலைக்கு வருவது என்ற தலைகீழ் மாற்றம் நிகழ்ந்துவிட்டது.

கதர் விலை ஏறிற்று. வாங்குவோர் குறைவார்கள், விற்பனை விழும், வேலையிழக்கும் நூற்பவர் பெருகுவர் என்று சங்க ஊழியர்களே எச்சரித்தார்கள். அவர்களுடைய அச்சம் வீணானதுமன்று. காந்தியடிகள் அதற்கு இசையவில்லை. கதர் விற்பனைக்காக ஏற்பட்டதன்று, நூற்பவளுக்காக ஏற்பட்டது. அவளுக்கு நியாயம் செய்யாத கதர் எவ்வளவு விற்றாலும் தன் உத்தேசத்தை இழந்ததே என்பது அவர் நிலை. இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், அவர் அளவையை நிராகரிக்கவில்லை. நூலின் நம்பர், உறுதி, மணிக்கு இத்தனை கஜம் என்ற கணக்கு ஆகியவற்றை முன்னிலும் கண்டிப்பாகக் கேட்டார். திறமையான நூற்புக்குத்தான் அக்கூலி. அளக்கப்படும் பொருளை மாற்றினார். கூலியைச் செலவுப் பத்தியிலிருந்து எடுத்துப் பலன் பத்தியில் எழுதினார் என்று சொன்னால் மிகையாகாது. சேவை ஸ்தாபனங்களின் பலனை மதிப்பிடுவது பற்றி அண்மைக் காலத்தில் மேல்நாட்டில் வெளிவந்துள்ள ஏராளமான நூல்களைப் படிப்பவர், இவ்வளவு தெளிவான ஒரு திருப்பத்தை அவற்றில் காண்பது அரிது.

சுதந்திரத்துக்குப் பின் சர்க்கா சங்கம் சர்வ சேவா சங்கத்தோடு இணைந்தது. அதன் பணிகளைத் தமிழ்நாட்டில் வட்டாரந்தோறும் அமைந்த சர்வோதய சங்கங்கள் ஏற்றன. தென்பாண்டிச் சீமையின் ஊர்களில் அவற்றின் கதர் அங்காடிகளைக் காணாதார் இலர். இதே காலத்தில்தான், நிலமற்றோருக்கு நிலத்தைத் தானமாகக் கேட்டு நடந்த விநோபா பாவேயின் பூதான யாத்திரை தமிழ்நாட்டுக்கு வந்தது. 1956 நவம்பரில் பழனியில் அவர் எடுத்த முடிவு, நம் விஷயத்துக்கு மறுகோடியில் நிற்கிறது. காந்தி நினைவு நிதியிலிருந்து பூதான ஊழியர்க்கு வந்துகொண்டிருந்த பணத்தை இனிப் பெறுவதில்லை என்றும், பூதானக் கமிட்டிகளைக் கலைத்துவிடுவதென்றும் அங்கே தீர்மானமாயிற்று. ஊழியர்களை மக்களே தாங்கட்டும். வருமானத்தில் ஒரு பங்கைத் தரும் சம்பத்துதானமும், நூற்றுத் தரும் நூற்சிட்டமும் போதும். சம்பளத்தால் கட்டப்பட்ட இயக்கம் மக்கள் இயக்கமாகாது என்பது விநோபாவின் தத்துவம்.

தத்துவம் உயர்ந்தது. விளைவு வேறு. நிதி நின்றபின் முழுநேர ஊழியர் பலர் இயக்கத்தில் தொடர முடியாது போயினர். நிலதானத்தின் வேகமும் தளர்ந்தது. ஊர் நிலத்தைப் பொதுவாக்கும் கிராமதானத்தின் பக்கம் இயக்கம் திரும்பியதும் அத்தளர்ச்சிக்கு ஒரு காரணமென்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் கொடையாகக் கிடைத்த நிலத்தை அளந்து, வில்லங்கம் பார்த்து, பட்டா மாற்றி, நிலமற்றவன் கையில் ஒப்படைக்கும் சலிப்பூட்டும் வேலைக்கு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து உழைக்கும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் குடும்பமும் உண்டு. 1957-க்குள் ஐந்து கோடி ஏக்கர் என்பது இலக்கு. நாடு முழுவதும் வாக்களிக்கப்பட்டது நாற்பது லட்சம் ஏக்கருக்குச் சற்று மேல். அதிலும் உழவருக்கு உண்மையில் போய்ச்சேர்ந்தது ஒரு பகுதியே. வாக்களித்த ஏக்கரை எண்ணியவர் பலர், பட்டாவை எண்ணியவர் சிலர். அளவுகோல் தவறியதும் ஊழியன் கைவிடப்பட்டதும் ஒரே பிழையின் இரு முகங்களாகவே எனக்குத் தோன்றுகின்றன.

சட்டத்தின் போக்கும் இதே தடுமாற்றத்தைக் காட்டும். 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, அறநிலையங்களையும் தொழிற்சட்டம் கூறும் தொழில் என்ற வரையறைக்குள் கொணர்ந்தது. அவற்றை அவர் மூன்றாகப் பகுத்தார்: லாபம் ஈட்டி அதைத் தர்மத்துக்குச் செலவிடுபவை, லாபமின்றிக் கூலியாட்களைக் கொண்டு ஏழைகளுக்குப் பணி செய்பவை, கூலிக்காகவன்றி லட்சியத்தில் ஒன்றியவர்களே உழைத்து நடத்துபவை. முதலிரண்டும் தொழில், மூன்றாவது தொழிலன்று. இப்பகுப்பின் நுட்பத்தை எவ்வளவு பாராட்டினும் தகும். ஏனெனில் தியாகம் செய்யும் உரிமை தியாகிக்கே உண்டு, அவன் சார்பில் அதைச் செய்யும் உரிமை நிர்வாகிக்கு இல்லை என்பது இதன் சாரம். ஆனால் 1982-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அறநிலையங்களையும், கதர் கிராமத் தொழில்களையும் அவ்வரையறையிலிருந்து விலக்கியது. அத்திருத்தப் பகுதி அமலுக்கு வராமலே கிடந்தது. 2020-இன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அறநிலையங்களை மறுபடியும் வெளியே நிறுத்தியிருக்கிறது.

அதே 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமும் திருத்தப்பட்டு, நிர்வாகச் செலவின் உச்சவரம்பு நூற்றுக்கு ஐம்பதிலிருந்து இருபதாகக் குறைந்தது. ஒரு ஸ்தாபனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை மற்றொன்றுக்குப் பகிர்ந்தளிப்பதும் தடையாயிற்று. பெரிய நிறுவனத்தின் மூலம் நிதி பெற்றுவந்த சிற்றூர்ச் சங்கங்களுக்கு இது பெரிய அடி. விதிகளின்படி மருத்துவமனையின் மருத்துவர் சம்பளமும் பள்ளி ஆசிரியர் சம்பளமும் நிர்வாகச் செலவாகா. நிர்வாகத்துக்கென்று அமர்த்தப்பட்டவர் சம்பளம் நிர்வாகச் செலவு. கணக்கெழுதும் பெண் சேவை செய்யவில்லையா, அவள் இல்லாமல் அந்த மருத்துவமனையின் கதவு திறக்குமா என்ற கேள்விக்கு விதியில் விடையில்லை. 2013-இன் கம்பெனிச் சட்டப்படி பெருங்கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு சமூகப் பொறுப்புக்குச் செலவிடவேண்டும்; அதிலும் கம்பெனியின் நிர்வாகச் செலவு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டலாகாது. கம்பெனிக்கு விதித்த அந்த வரம்பு, நன்கொடை தருவோர் மனத்தில் தொண்டு நிறுவனத்துக்கும் பொருந்துவதாகப் படிந்துவிடுவது இயல்பே. அமெரிக்காவில் தர்மஸ்தாபனங்களைத் தரம் பிரித்துக் காட்டிவந்த மூன்று நிறுவனங்கள், நிர்வாகச் செலவின் விகிதத்தைக் கொண்டு ஒரு ஸ்தாபனத்தை மதிப்பது மாயை என்று 2013-இல் பகிரங்கக் கடிதம் வெளியிட்டன. அக்கடிதத்தின் குரல் இங்கே அதிகம் எட்டவில்லை.

அளவைக்கு வருவோம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடங்கிய விருதுநகர் மாவட்டம், 2018-இல் மத்திய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து தெரிவான இரண்டினுள் ஒன்று; மற்றது ராமநாதபுரம். நாற்பத்தொன்பது குறியீடுகளால் மாவட்டங்கள் அளக்கப்பட்டு, மாதந்தோறும் வரிசைப்படுத்தப்படுகின்றன. அங்கன்வாடிக்குச் சொந்தக் கட்டடம் உண்டா என்பது குறியீடுகளுள் ஒன்று. அக்கட்டடத்துக்குள் நின்று உழைப்பவளின் ஊதியம் எதிலும் இல்லை. 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் அவள் பெறுவதற்கு மதிப்பூதியம் என்று பெயர். 2018-இல் மத்திய அரசு உயர்த்திய தொகை பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் இதன்மேல் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. தமிழ்நாடு மற்றப் பல மாநிலங்களைவிட மேலான நிலையில் இருக்கிறது. அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் ஆயிற்று. அங்கன்வாடி அரசுத் திட்டம், தொண்டு நிறுவனம் அன்று. ஆனால் அரசே சேவை என்ற பெயரால் ஊதியத்தைக் குறைத்துக் காட்டும்போது, சிறு சங்கங்களைக் குறைகூறுவது எவ்வாறு?

இந்த அங்கன்வாடிகளைக் கொண்டே நம் மாநிலத்தில் நடந்த ஒரு பரிசோதனை, நம் வினாவுக்கு மிக நெருங்கியது. கார்த்திக் முரளீதரன் முதலிய பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டில் 320 மையங்களைத் தேர்ந்து, சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் அவற்றுள் பாதிக்கு மட்டும், சிறுவர் கல்விக்கென்றே ஒரு பாதிநேர ஊழியரை அதிகப்படுத்தினர். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, அம்மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டித்திருந்தது. குழந்தைகளின் கணக்கும் மொழியும் தெளிவாக உயர்ந்திருந்தன. பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்துப் பணிக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. புதிய கட்டடமில்லை, புதிய யந்திரமில்லை. சம்பளம் பெறும் ஒரு மனுஷி மட்டும் கூடினாள். செலவு என்று எழுதப்பட்டதே பலனின் மூலம் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் நேர்மையான ஆராய்ச்சியாளன் இங்கே நின்றுவிடலாகாது. அதே முரளீதரன் வெங்கடேஷ் சுந்தரராமனோடு சேர்ந்து ஆந்திரத்துக் கிராமப் பள்ளிகளில் நடத்திய பரிசோதனையில், நிரந்தர ஆசிரியரின் சம்பளத்தில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவாகப் பெற்ற ஒப்பந்த ஆசிரியர்கள், கற்பிப்பதில் அவர்களுக்குக் குறையாதவர்களாகவே காணப்பட்டார்கள். வேலைக்கு வராதிருந்த நாட்களும் ஒப்பந்த ஆசிரியர்க்கே குறைவு. ஆகவே, நல்ல சம்பளம் கொடுத்தால்தான் நல்ல வேலை நடக்கும் என்ற வாதம் எப்போதும் வெல்லாது. ஊழியர் நலம் பேசுவோர் பலர் இந்த முடிவைக் கண்டு கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மூடவேண்டியதில்லை. கிராமத்தில் வேறு வேலையற்ற படித்த பெண், ஐந்திலொரு பங்குக்கும் மனமார உழைப்பாள். அவளது உழைப்பு மலிவாகக் கிடைக்கிறது என்பது அவளுடைய இல்லாமைக்கு அத்தாட்சியே தவிர, அக்கூலியின் நியாயத்துக்கு அத்தாட்சியன்று. 1935-இல் ஓரணாவுக்கும் நூற்கப் பெண்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். நியாயமான ஊதியத்தைப் பலனைக் காட்டித்தான் நிலைநாட்டவேண்டும் என்று ஒப்புக்கொண்டோமானால், பலன் குறையாதவரை ஊதியத்தைக் குறைக்கலாம் என்பதையும் உடன் ஒப்புக்கொண்டவர்களாவோம்.

அளவைக்கு அகப்படாத பணிகளும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல், அக்காலத்துக் கலெக்டர் பென்னிங்டன் பெயரால் தோன்றிய நூலகம் இன்றும் இருக்கிறது. அங்கே வந்து படித்தவர்களுள் எத்தனை பேர் எந்த வேலைக்குப் போனார்கள் என்று ஒருவாறு திரட்டிவிடலாம். ஒரு மாலைநேரத்தில் ஒரு புத்தகம் ஒருவன் மனத்தில் செய்ததை எந்தப் படிவத்தில் நிரப்புவது? ராஜபாளையத்தில் குமாரசாமி ராஜா, சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும் பின்னர் ஒரிசாவின் கவர்னராகவும் இருந்தவர், தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றமாக்கி ஊருக்குக் கொடுத்தார். அத்தகைய கொடையின் பலனும் எண்ணில் அடங்காது. எண்ணில் அடங்காத பணியைச் செய்வோருக்கும் மாதம் முடிந்தால் அரிசி வாங்கவேண்டியிருக்கிறது என்பது மட்டும் எண்ணில் அடங்கும். மதுரையில் 1976-இல் பதினொரு படுக்கைகளோடு டாக்டர் வேங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவற்றுக்கு, திறந்த கண்களை எண்ணிக் காட்டும் பாக்கியம் உண்டு. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

என்ன செய்யலாம்? சட்டத்தை மாற்றும்வரை காத்திராமல், இவ்வட்டாரத்துச் சங்கங்கள் தாமே செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றைச் சொல்லலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் பதிவான சங்கங்கள் ஆண்டுதோறும் கணக்கைத் தாக்கல் செய்கின்றன. பல சங்கங்கள் படங்களோடு ஆண்டறிக்கையும் அச்சிடுகின்றன. பயனடைந்தோர் எண்ணிக்கை எழுதப்படும் அதே பக்கத்தில், மிகக் குறைந்த ஊதியம் எவ்வளவு, மிக உயர்ந்த ஊதியம் எவ்வளவு, அவ்வாண்டில் எத்தனை மாதம் சம்பளம் தாமதமாயிற்று, எத்தனை ஊழியர் வைப்புநிதியில் சேர்க்கப்பட்டனர், எத்தனை பேர் விட்டுச் சென்றனர் என்பனவற்றையும் எழுதட்டும். நன்கொடையாளரும் பயனாளி ஒருவருக்கு எவ்வளவு செலவு என்று கேட்கும் அதே மூச்சில் இவற்றையும் கேட்கட்டும். சத்திரப்பட்டித் தறிக்காரருக்குத் தம் கூலியைப் பக்கத்து ஊர்க் கூலியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது; களப்பணியாளருக்கு அந்த வசதியேனும் கிடைக்கும்.

ஊதியத்தை வெளியிட்டால் உயர்த்தவும் வேண்டிவரும், கையிலுள்ள நிதிக்கு அது கட்டாது என்று நிர்வாகிகள் சொல்வார்கள்; அது பொய்யன்று. ஐந்து கிராமங்களுக்கு ஐந்து பேரை அரைச் சம்பளத்தில் அனுப்பும் சங்கம், முறையான சம்பளம் கொடுக்கத் தொடங்கினால் இரண்டு மூன்று கிராமங்களுக்குத்தான் போகமுடியும். விற்பனை குறையுமென்று அறிந்தே சர்க்கா சங்கம் கூலியை உயர்த்தியது. அதனால் வேலையிழந்த நூற்பவர்களும் ஏழைகளே. அந்த நஷ்டத்தைக் காந்தியடிகள் மறைக்கவில்லை, நாமும் மறைப்பதற்கில்லை. ஊதியத்தைச் சரிசெய்ததால் எந்தெந்தக் கிராமங்களில் வேலையை நிறுத்தவேண்டியதாயிற்றோ, அவற்றின் பெயர்களையும் அந்த ஆண்டறிக்கையிலேயே அச்சிட்டு, அவ்வூர்களுக்கென்று தனியே நிதி கேட்கவேண்டும்.